பெயரடைவு: ஊரறிந்தவர் செய்ய வேண்டிய தொண்டு

(பூந்தமல்லியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாயின் பெயரில் ஒருவர் அறக்கட்டளை வைக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பெயர் ஓர் அவையில் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்ற ஆசைதான் அதற்கு அடிப்படை. இன்றைய என் பேச்சும் பெயர்களைப் பற்றியதுதான். யாரும் சொல்லாமல் விட்டுப்போன பெயர்களை ஏடுகளிலிருந்து மீட்டெடுக்கும் ஒரு சிறிய தொண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் அமாவாசைதோறும் கூட்டம் நெரியும். நம் பகுதியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருவோர் பலர். ஒரு தை அமாவாசையன்று நானும் போயிருந்தேன். அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர் என்று புரோகிதர் வரிசையாகக் கேட்டார். முதல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு வாய் எழவில்லை. பக்கத்துப் படியில் இருந்த ஒருவர் இரண்டாவதிலேயே நின்றுவிட்டார். “எங்க ஆயாவுக்குத்தான் தெரியும் சாமி, அதுவும் போய்ச் சேர்ந்துடுச்சி” என்றார்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை. நூறு ஆண்டுக்குள் ஒரு மனிதனின் பெயர் அவன் பிறந்த வீட்டிலேயே இல்லாமல் போகிறது. அதைத் தெரிந்து வைத்திருந்தது ஒரே ஓர் ஆயாதான்.

பெயரன் என்பதே பேரன்

பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுவே பேச்சில் பேரன் ஆயிற்று. பெயர்த்தி பேத்தி ஆனாள். குடும்பப் பெயர் என்ற தனிப்பெயர் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறைக்குப் பெயரைக் கைமாற்றினோம். தாத்தா முனுசாமி என்றால் பேரனும் முனுசாமி. பெயரைக் காக்க நம்மிடம் இருந்த ஏற்பாடு அதுதான்.

அந்த வழக்கம் இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குப் புதுப் பெயர்களே வைக்கிறோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பேரன் சுமந்துவந்த பெயரை இனி ஏடுதான் சுமக்க வேண்டும். அப்படியானால், நம் பக்கத்து ஏடுகளில் என்ன இருக்கிறது?

தலைகளை எண்ணினார்கள், பெயர்களை வைக்கவில்லை

செங்கல்பட்டுச் சீமை 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு ஜாகீராக வந்தது. பூந்தமல்லிப் பகுதியும் அதில் அடக்கம். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையின் ஊர்களை அளந்து பதிவுசெய்தார். சுமார் 2,000 ஊர்களின் விவரம் அதில் உண்டு: இந்த ஊரில் நெசவாளர் வீடு இத்தனை, உழவர் வீடு இத்தனை, ஏரி இது, கோயில் மானியம் இவ்வளவு. காந்தியவாதி தரம்பால் அந்தப் பதிவுகளைத் தேடிப் படித்தார். அவர் வழியில் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்து அறிஞர்கள் அவற்றை மேலும் ஆராய்ந்தார்கள். நம் ஊர்கள் 250 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன என்று அறிய அது பெரிய புதையல். ஆனால் அது வீடுகளின் கணக்கு. வீட்டில் இருந்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

அதற்கு நூறாண்டுக்குப் பின், 1871 நவம்பர் 15இல், சென்னை மாகாணத்தில் முறையான குடிமதிப்பு எடுத்தார்கள். ஊர்க் கர்ணங்கள் வீடு வீடாகப் பட்டியல் எழுதினார்கள். மருத்துவரான கார்னிஷ் அந்தக் கணக்கின் அறிக்கையை எழுதினார். அடுத்த கணக்கு, இந்தியா முழுவதற்கும் ஒரே நாளில், 1881 பிப்ரவரி 17இல் நடந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. 1871இல் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர் இருந்த மாகாணம், பத்தாண்டு கழித்துச் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்து நின்றது. வளர்ந்திருக்க வேண்டிய தொகை சுருங்கிப்போனது. எத்தனை பேர் குறைந்தார்கள் என்று அறிக்கை சொல்லும். யார் யார் என்று சொல்லாது.

அந்தப் பெயர்கள் எழுதப்படாமல் இல்லை. கர்ணம் வீட்டுவாசலில் நின்று எழுதத்தான் செய்தார். கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும், பெயர் இருந்த தாள்களுக்கு வேலை முடிந்துவிட்டது; அவற்றைப் பாதுகாத்து வைக்கவில்லை. அச்சேறி நமக்கு வந்தது தொகை மட்டுமே. பெண்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று 1881இல் கணக்கெடுப்பாளருக்கு அறிவுரையே இருந்தது.

ஓஹையோவின் நாற்பது வரிகள்

2012இல் நான் ஒரு தன்னார்வப் பணியில் சேர்ந்தேன். அமெரிக்கச் சட்டப்படி, குடிமதிப்பில் எழுதப்பட்ட தனிமனித விவரங்கள் 72 ஆண்டுகள் மறைவாக இருக்கும். பிறகு பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1940ஆம் ஆண்டுக் கணக்கு 2012 ஏப்ரல் 2 அன்று திறந்தது. சுமார் 13 கோடியே 20 லட்சம் பெயர்கள், எல்லாம் கையெழுத்தில். படம் இருந்தது, தேட வழி இல்லை. யூட்டா மாநிலத்தின் ஃபேமிலிசர்ச் நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் தொண்டர்களை அழைத்தன. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். பல ஆண்டு பிடிக்கும் என்று எண்ணத்தக்க வேலை, ஐந்து மாதத்துக்குள் முடிந்தது.

வேலை இதுதான். ஒரு தாளின் படம் திரையில் வரும். அதில் 40 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர்: பெயர், குடும்பத் தலைவருக்கு உறவு, வயது, பிறந்த மாநிலம், ஐந்தாண்டுக்கு முன் எங்கே இருந்தார் என்பன. பார்த்ததை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். அதே தாளை என்னை அறியாத இன்னொருவரும் எங்கோ இருந்து தட்டச்சு செய்வார். இருவர் எழுதியதும் ஒத்துப்போனால் சரி. வேறுபட்டால் மூன்றாமவர் ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்பார்.

ஓஹையோவின் ஒரு தெருவை நான் வரி வரியாக எழுதினேன். ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிறு வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தது. விவரம் சொன்னவர் இவர்தான் என்பதற்கு அது அடையாளம். பல வீடுகளில் அந்தக் குறி வீட்டுக்காரம்மாவின் பெயருக்கு நேராக இருந்தது. வாசலில் நின்று பிள்ளைகளின் பெயரையும் வயதையும் சொன்னது அவர்தான். குளக்கரையில் கேட்ட ‘ஆயா’ எனக்கு அங்கே நினைவுக்கு வந்தார்.

அந்தப் பணியில் என்னைத் திருத்தியது ஒரே விதி. கண்டதை எழுது, கருதியதை எழுதாதே. எழுத்துப் பிழையாகவே இருந்தாலும் ஏட்டில் உள்ளபடி எழுத வேண்டும். புரியாத எழுத்தைப் புரியவில்லை என்றே குறிக்க வேண்டும். இது நமக்குப் புதிய பாடமா? புள்ளி இல்லாத ஓலையில் எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்று கண் நோகப் பார்த்து, ஏடுதோறும் ஒப்பிட்டு, பாடபேதத்தை அடிக்குறிப்பில் தந்த உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த நாடு இது. அவர் பதிப்பு என்றால் நூலோடு முடியாது, அகராதிகளும் இருக்கும். நூலுக்குள் நுழைய வாசல் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏட்டில் உள்ள பெயர்களைத் தேடிக் கண்டெடுக்க உதவும் பெயரடைவு என்பது அந்த வாசல்தான்.

நம் ஊர் மண்ணில் வேறொருவர் பெயர்

பூந்தமல்லி ஒரு காலத்தில் படை ஊர். கடல் வழியே சென்னைக்கு வந்திறங்கிய வெள்ளைக்காரப் படைவீரர்கள் இங்கே வந்து தங்கினார்கள். நோயுற்றவர்கள் இங்கே தேறினார்கள். தேறாதவர்களும் உண்டு. அவர்களுடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பாதிரியாரின் ஏட்டில் ஏறின. அந்த ஏட்டின் படி லண்டனுக்குப் போயிற்று. 1698 தொடங்கி சென்னை மாகாணத்திலிருந்து போன அத்தகைய பதிவுகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஆட்சிப்பணி அதிகாரி மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் நூலாக்கினார். பின்னர் 1998இல் இங்கிலாந்தில் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தொண்டர்கள் இத்தகைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து யாரும் தேடும்படி வைத்துவருகிறார்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பூந்தமல்லியில் காய்ச்சலில் இறந்த ஒரு சிப்பாயின் குழந்தையை, இங்கிலாந்தில் இருக்கும் ஓர் உறவினர் இன்று வீட்டிலிருந்தே தேடலாம். அந்தக் குழந்தைக்குக் குழி வெட்டியவர் நம் ஊர்க்காரர். அவருக்கு ஒரு வரி இல்லை. இதைச் சொல்லி யாரையும் பழிக்க வரவில்லை. அந்தத் தொண்டர்கள் தங்கள் முன்னோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நாம் நம் முன்னோருக்கு இன்னும் செய்யவில்லை.

கப்பலேறியவர்களுக்கு மட்டும் கிடைத்த வரி

நம் மக்களின் பெயர்கள் ஆள் ஆளாக எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. அது ஊரில் இருந்தவர்களின் ஏடன்று. ஊரைவிட்டுப் போனவர்களின் ஏடு.

1860 அக்டோபரில் சென்னைக் கரையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டது. அப்போது சென்னையில் கட்டிய துறைமுகம் இல்லை. மசூலாப் படகில் அலை தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். நவம்பர் 16 அன்று அது 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு வரி: பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, ஊர், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு. பெண்ணுக்கும் தனி வரி, குழந்தைக்கும் தனி வரி. ஊரிலே இருந்தால் ‘பெண்’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கக்கூடியவள், கூலியாகக் கப்பலேறியதால் பெயரோடு எழுதப்பட்டாள். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய குடியேற்ற ஏடுகளைக் காத்துவருகிறது. பிஜிக்குப் போன அறுபதாயிரம் பேருக்கும் குடியேற்றச் சீட்டுகள் உள்ளன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இந்த அளவு பதிவும் கிட்டவில்லை. எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள்.

நேட்டால் கப்பல் ஏடுகள் கணினியில் ஏறிவிட்டன. ஆனாலும் வேலை முடியவில்லை. மிச்சமிருக்கும் பாதி நமக்கு உரியது.

டர்பனில் ஒருவர் தன் முப்பாட்டன் ஊரைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பப் பெயர் மூன்சாமி. அது முனுசாமி என்று நமக்குக் கேட்டவுடன் தெரியும். முதலில் போனவரின் தந்தை பெயராக இருக்கலாம் என்றும் தோன்றும். மூட்லி என்றால் முதலி. கவெண்டர் என்றால் கவுண்டர். ஏட்டில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஸ்ட்ரீபர்மட்டூர் என்பது ஸ்ரீபெரும்புதூர். டிரிபாசூர் என்பது திருப்பாசூர். வாண்டிவாஷ் என்பது வந்தவாசி. காதில் விழுந்ததைக் குமாஸ்தா தன் நாக்குக்கு ஏற்ப எழுதினார். அவர் எழுத்திலிருந்து பழைய ஒலியைத் திரும்ப எடுக்க, அந்த ஒலியில் பிறந்து வளர்ந்த காது வேண்டும்.

வட்டத்தின் பெயரும் மாறியிருக்கிறது. அந்நாளில் பூந்தமல்லி, செங்கல்பட்டு ஜில்லா சைதாப்பேட்டை தாலுக்காவில் இருந்த ஊர். இன்று திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டம். ஏட்டில் சைதாப்பேட்டை என்று கண்டவர் சென்னைக்குள் வந்து தேடுவார். அவர் தேட வேண்டியது பாரிவாக்கமாகவோ வயலாநல்லூராகவோ இருக்கலாம். அகரம் என்றும் நேமம் என்றும் ஒரே பெயரில் பல ஊர்கள் நம்மிடம் உண்டு. எந்த நேமம், எந்த ஏரிக்கரை என்று சொல்ல யூட்டாவில் ஆள் இல்லை. கரையான்சாவடியிலும் குமணன்சாவடியிலும் இருக்கிறார்கள். இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். எழுத்தைப் படிக்க இயந்திரம் வந்துவிட்டது. 1950ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கு 2022இல் திறந்தபோது கையெழுத்தை முதலில் கணினியே படித்தது, மனிதர்கள் சரிபார்த்தார்கள். இயந்திரம் எழுத்தைப் படிக்கும். ஊரைப் படிக்க ஊரறிந்தவர்தான் வேண்டும்.

ஓர் எழுத்தின் எடை

எழுத்துப் பிழைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அசாமில் 1951 குடிமதிப்பை ஒட்டித் தொகுத்த குடிமக்கள் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினார்கள். தம் பாட்டனோ தந்தையோ பழைய ஏட்டில் இருப்பதைக் காட்டி, அவருக்கும் தமக்கும் உள்ள உறவை நிறுவும்படி கோடிக்கணக்கானோரைக் கேட்டார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெறவில்லை. ஒரு தாளில் ஒரு விதமாகவும் மறு தாளில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர் எத்தனையோ குடும்பங்களை அலைக்கழித்தது. பெயரை எழுதுகிறவன் கை நடுங்கத்தான் வேண்டும்.

சாதிப் பத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய ஏடுகளில் அது இருக்கிறது. இழிவாக எழுதப்பட்ட சொற்களும் இருக்கின்றன. அவற்றை அழித்து எழுதினால் வரலாறு பொய்யாகும். ஆனால் பெயரடைவு சாதிப் பெருமைக்கான ஏணி ஆகிவிடக் கூடாது. ஒரே கப்பல் ஏட்டின் ஒரே பக்கத்தில் பல சாதியார் அடுத்தடுத்த வரியில் நிற்கிறார்கள். ஒரே தளத்தில் படுத்து, ஒரே தண்ணீரைக் குடித்துப் போனவர்கள். முன்னோரைத் தேடுகிறவர் அந்தப் பக்கம் முழுவதையும் படிக்க வேண்டும், தம் வரியை மட்டுமல்ல. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை எந்த அடைவிலும் ஏற்றக் கூடாது என்பது இன்னொரு கண்டிப்பான விதி. நம் 1948 குடிமதிப்புச் சட்டம் தனிமனித விவரங்களை யாரும் பார்வையிட இடம் தரவில்லை. வாழ்பவரைக் காக்க அது தேவை. பிரிட்டன் நூறாண்டு கழித்துத் திறக்கிறது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு எடுக்கப்படும் நம் கணக்கின் பெயர்களும் என்றேனும், நம் பேரர்களின் பேரர்களுக்காக, பத்திரமாகத் திறக்கப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

செய்யத்தக்கவை

தமிழருக்கு இந்த உழைப்பு புதிதன்று. 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஊதியம் இல்லாமல் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். ஈழத்தில் நூலகம் திட்டம் 2005 முதல் ஏடுகளைக் காக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழக வேளாண் குடும்பங்களிடம் இருந்த பழைய ஆவணங்களைப் படமெடுத்தது. பாட்டைத் தட்டச்சு செய்த கைகள் பாட்டனையும் தட்டச்சு செய்யலாம்.

மாணவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் மூத்த பெண்மணியிடம் உட்காருங்கள். நினைவில் உள்ள பெயர்களை எல்லாம், பிறந்த ஊரோடும் வாழ்க்கைப்பட்ட ஊரோடும் எழுதிக்கொள்ளுங்கள். ஆயாவின் ஆயா பெயரைக் கேட்க மறக்காதீர்கள்.

இரண்டாவது, போகிக்கு முன் பரணைப் பாருங்கள். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு 1980இல் ஒழித்தது. அந்த வீடுகளில் பழைய கணக்குக் கட்டுகள் இருக்கலாம். பத்திரம், ரசீது, ஓலை எதுவானாலும் கொளுத்தும் முன் படம் எடுங்கள். இயன்றால் காப்பகத்தில் சேருங்கள்.

மூன்றாவது, நம் ஊர்களின் பெயரடைவு ஒன்று செய்வோம். பழைய ஏடுகளில் ஓர் ஊர்ப் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது, அது எந்தெந்த வட்டத்தில் இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம். மாங்காடு, குன்றத்தூர், திருமழிசை, செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை என்று தொடங்கினால் ஒரு கல்லூரி வகுப்பு ஓராண்டில் இந்த வட்டாரத்தையே முடித்துவிடும். டர்பனிலும் பிஜியின் சுவாவிலும் மொரீஷியஸின் போர்ட் லூயியிலும் தேடுகிறவர்களுக்கு நாம் தரக்கூடிய திறவுகோல் அதுதான்.

குளக்கரையில் என்னால் சொல்ல முடியாத மூன்றாவது பெயர் பின்னொரு நாள் கிடைத்தது. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருந்தது. இன்னாருடைய குமாரர் இன்னார் என்று எழுதித் தொடங்கும் அல்லவா, அந்த முதல் வரியில் இருந்தார் என் கொள்ளுத்தாத்தா. 1908 பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, பத்திரம் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு ஒவ்வொரு பதிவு அலுவலகமும் முதல் அடைவு வைக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் பத்திரத்தின் அடியில் நிற்கும் சாட்சிகளுக்கு அந்த அடைவில் இடம் இல்லை.

என் கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தில் சாட்சிகள் இருவர். ஒருவர் கையெழுத்து, மற்றவர் கைநாட்டு. கைநாட்டுக்குப் பக்கத்தில் வேறொருவர் கையால் அவர் பெயரும் அவர் தந்தை பெயரும் எழுதியிருக்கிறது. அந்த வீட்டுப் பேரன் இன்றும் இந்த ஊரிலேயே இருக்கலாம். அடுத்த அமாவாசையில் குளப்படியில் நின்று அந்தப் பெயர் தெரியாமல் தவிக்கலாம். அது என் பெட்டியில் இருக்கிறது. அவருடைய பாட்டன் பெயர் என்னிடம் இருப்பது போல, உங்கள் பாட்டன் பெயர் வேறு யார் வீட்டுப் பெட்டியிலோ இருக்கும். அதனால்தான் இந்த வேலையைத் தனித்தனியே செய்ய முடியாது என்கிறேன்; ஊராகச் சேர்ந்து செய்வோம்.